பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான்கு வாசல்கள்: எதிரெதிர் வீடுகளுக்காகப் போட்ட ஒரு கணக்கு

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று மாலை, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பாய்கள் விரிக்க வேண்டியதாயிற்று. அக்கா, அவர் கணவர், மகள் ஒரு பக்கம். எதிர்வீட்டுக்காரர், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர், தன் மகனோடு மறுபக்கம். பெண்ணுக்குக் கணக்கில் 83. பையனுக்கு 41. இருவரும் ஒரே மாநகராட்சிப் பள்ளி. "பி.காம். முடித்தால் பாங்கு வேலை" என்பது பெண்ணின் அப்பா பேச்சு. பையனின் அப்பாவுக்குத் திட்டம் என்று எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. "கடலுக்கு மட்டும் வேண்டாம் அண்ணே" என்றார்.

என்னிடம் வந்ததற்குக் காரணம், தெருவில் ஐடிஐ படித்து ஆலையில் நிலைத்தவன் நான் ஒருவன்தான். முப்பது ஆண்டுகளாக ஃபிட்டர். மணலிப் பக்கம் குழாய்ப் பராமரிப்பு. எங்காவது கசிவு என்று கூப்பிட்டால் நான் நடுக்குழாயைத் தடவிக்கொண்டிருப்பதில்லை. நேரே இரண்டு குழாயை இணைக்கும் ஃபிளாஞ்சுக்குப் போவேன். பத்துக்கு ஒன்பது முறை கசிவு இணைப்பில்தான் இருக்கும். பள்ளி ஒரு குழாய், கல்லூரி ஒரு குழாய், தொழிற்சாலை ஒரு குழாய். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நன்றாகவே இருக்கலாம். பிள்ளைகள் சிந்திப்போவது ஒன்று மற்றொன்றோடு சேரும் இடத்தில். அதனால் ஒரு தொழிற்கல்வியை எடைபோடும்போது, "அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்" என்பதைவிட, "அங்கே முடித்தவனை அடுத்த இடம் எந்தப் படியில் ஏற்றுக்கொள்கிறது" என்பதையே முதலில் கேட்பேன்.

பட்டுத் தெரிந்துகொண்ட கேள்வி இது. பதினாறு வயதில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் ஓராண்டு சேர்ந்தேன். சான்றிதழில் தங்க நிற எழுத்து, பெரிய முத்திரை, சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு அழகு. அதை எடுத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸ் (தொழில்பழகுநர்) விண்ணப்பம் கொடுக்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் என்சிவிடி எங்கே தம்பி?" என்றார். தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் அவருக்கு வெறும் காகிதம். பிறகு அரசு ஐடிஐயில் முதலிலிருந்து இரண்டு ஆண்டுகள். அம்மா ஓராண்டு இட்லி விற்றுக் கட்டிய பணம் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

சரி, வாசல்களுக்கு வருகிறேன். பத்தாவது முடித்த ஒரு பிள்ளைக்கு வடசென்னையில் தொழில் சார்ந்து நான்கு வழிகள் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு, ஐடிஐ, பாலிடெக்னிக், நேரடியாகத் தொழில்பழகுநர் பயிற்சி.

முதலில் ஆண்டுக் கணக்கு

பெற்றோர் அதிகம் பயப்படுவது "பின்தங்கிப் போவான்" என்பதற்குத்தான். அன்று மாலை ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன்.

பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு: மொத்தம் ஆறு. பாலிடெக்னிக் மூன்று ஆண்டு. பட்டயம் (டிப்ளமோ) முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால் மேலும் மூன்று: மொத்தம் அதே ஆறு. ஐடிஐ இரண்டு ஆண்டு, பத்தாவது முடித்து இரண்டு ஆண்டுத் தொழிற்பிரிவு படித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் மேலும் இரண்டு, அதன்பின் பி.இ. மூன்று: மொத்தம் ஏழு.

அக்காவின் கணவர் காலண்டரைத் தன் பக்கம் திருப்பி விரல் விட்டு எண்ணினார். ஐடிஐ போனவனுக்கும் நேரே பிளஸ் டூ போனவனுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டுக்கு ஈடாக அவன் கையில் ஒரு தேசியத் தொழிற்சான்றிதழ், ஒரு பட்டயம், ஒரு பட்டம் என மூன்று தாள்கள். நடுவில் எந்த இடத்தில் வீட்டுச் சூழ்நிலை அவனை நிறுத்தினாலும், நின்ற இடத்தில் வேலைக்குக் காட்ட ஒரு தாள் இருக்கும். பிளஸ் டூ, பி.இ. என்று நேரே போய் மூன்றாம் ஆண்டில் நின்றவன் கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும். எங்கள் தெருவில் அப்படி நின்றவர்கள் உண்டு.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஓராண்டுத் தொழிற்பிரிவுகளுக்கு இது பொருந்தாது. வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவு சீக்கிரம் வேலைக்கு அனுப்பும்; எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் நல்ல வெல்டருக்கு வேலைப் பஞ்சமில்லை. ஆனால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக் கதவு இரண்டு ஆண்டுப் பிரிவுக்குத்தான் திறக்கும். சேரும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வெளியே வந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் பையனுக்கே தெரியவரும்.

இன்னொன்று. பத்தாவதுக்குப் பின் இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்து, பிளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால், தமிழ்நாட்டில் அது பிளஸ் டூவுக்கு இணை. பி.காம். படிக்கவும் அந்த வழி திறக்கிறது. "ஐடிஐ போனால் காலேஜ் கிடையாது" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய தகவலை விற்கிறார்கள்.

பள்ளியிலேயே தொழிற்கல்வி

தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. இயந்திரவியல், மின்னியல், அலுவலக மேலாண்மை, செவிலியம், வேளாண்மை என்று பிரிவுகள். காகிதத்தில் இதன் இணைப்புகள் பலமானவை. பொறியியல் சேர்க்கையில் தொழிற்பிரிவினருக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021-இல் விரிவுபடுத்தப்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடும் சேரும். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும் இவர்களை ஏற்பார்கள். பிள்ளை அதே பள்ளி, அதே பஸ், அதே தோழிகளோடு இருப்பாள் என்பதும் சில வீடுகளுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் பள்ளிக்குப் பள்ளி தரம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு மாறுகிறது. ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடம் காலியாகவே கிடந்தால், பட்டறை என்பது பூட்டிய அறை. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் திறப்பார்கள். நான் அக்கா மகளோடு போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் கடைசல் எந்திரத்தின் (லேத்) மேல் பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. அங்கிருந்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. வேறு பாடத்துக்காரர் அவர், பாவம், இதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

இந்த வழியைத் தேர்வதானால் ஒரே கேள்விதான்: தொழிற்பிரிவுக்கென்று நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? இல்லையென்றால் பிள்ளை கலைப்பிரிவிலோ அறிவியல் பிரிவிலோ சேர்வதே மேல்.

பட்டறைக்குள் எதைப் பார்ப்பது

ஐடிஐக்களைப் பார்க்கப் பையனையும் அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பார்ப்பது ஒன்று, பார்க்க வேண்டியது வேறொன்று.

பெற்றோர் பார்ப்பது சுவரை. புதுப் பெயிண்ட், நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட படங்கள், "100 சதவீத வேலைவாய்ப்பு" என்ற பலகை. நான் குனிந்து கடைசல் எந்திரத்தின் அடியில் இருக்கும் தட்டைப் பார்ப்பேன். எஃகைச் சீவும்போது சுருள் சுருளாக விழுகிற பிசிறு அங்கே சேரும். புதிதாகச் சீவிய பிசிறு பளபளக்கும். சூடு பட்ட இடத்தில் நீலம் ஓடியிருக்கும். பழையது துருப்பிடித்துப் பழுப்பாகிக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டில் பளபளப்பு இருந்தால் இந்த வாரம் பிள்ளைகள் எந்திரத்தில் நின்றிருக்கிறார்கள். தட்டு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால், வந்தவர்களுக்குக் காட்டத்தான் எந்திரம். இதற்கு எந்த அதிகாரியின் சான்றும் தேவையில்லை.

அடுத்தது, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேசை. ஃபிட்டர் படிப்பவன் முதல் சில மாதம் அரத்தைப் பிடித்து ராவிக்கொண்டே இருப்பான். ஓர் இரும்புப் பட்டையைச் சதுரமாக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் இடைவெளியில் ஒளி தெரியக்கூடாது. கை காய்த்துப்போகும். பாதிப் பேருக்கு அழுகை வரும். அந்த வேலைத்துண்டுகளில் மாணவன் எண்ணும் தேதியும் பொறித்து வரிசையாக வைத்திருக்கும் பட்டறை நல்ல பட்டறை. போன ஆண்டு வேலைத்துண்டையும் இந்த ஆண்டு வேலைத்துண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே துண்டையே ஆண்டாண்டுக்கு எடுத்துக் காட்டும் இடங்கள் இருக்கின்றன, தேதி இருக்காது.

மூன்றாவதாக, மாலையில் வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். உள்ளே பேசியதை மறந்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டாம் ஆண்டுப் பையனிடம் கேளுங்கள்: "இந்த வாரம் எத்தனை மணி நேரம் மெஷினில் நின்றாய்? உன் சீனியர் யாராவது இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார்?" ஆளின் பெயரும் கம்பெனியின் பெயரும் சேர்ந்து வந்தால் நம்பலாம். "நிறைய பேர் போயிருக்கிறார்கள் அண்ணா" என்றால் யாரும் போகவில்லை.

அரசு ஐடிஐக்களில் நிலைமை இப்போது மாறியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தில் ரோபோ, சிஎன்சி என்னும் கணினி இயக்கும் எந்திரம், மின்வாகனம் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. பையன் ரோபோ கையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் அங்கேயும் நான் முதலில் பார்த்தது பழைய கடைசல் எந்திரத்தின் தட்டைத்தான். அரம் பிடிக்கத் தெரியாதவன் ரோபோவுக்கு எதை எடுத்துக்கொடுப்பான் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய ஆள் புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் சேரும். புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் பக்கத்தில்தான், 2022 செப்டம்பர் 5 அன்று பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில். பெண்கள் ஐடிஐ போனாலும் பாலிடெக்னிக் போனாலும் அந்தப் பணம் உண்டு என்பது பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை. கலைக்கல்லூரிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனியார் ஐடிஐ என்றால் முதல் வேலை, அந்த நிறுவனத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் சேரும் குறிப்பிட்ட பிரிவுக்கும் என்சிவிடி அங்கீகாரம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இணையதளத்தில் பார்ப்பது. எலக்ட்ரீஷியனுக்கு வாங்கிவிட்டு, அங்கீகாரமில்லாத இன்னொரு பிரிவையும் அதே பலகையில் எழுதி வைப்பது பழைய தந்திரம்.

பாலிடெக்னிக்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் நான்கில் இணைப்பு மிகச் சுத்தமாக இருப்பது இங்கேதான். மூன்று ஆண்டு, மாநில அரசின் தேர்வு, பி.இ. இரண்டாம் ஆண்டுக்குத் தனிக் கலந்தாய்வு. நம் பக்கத்துக்கு ஆர்.கே. நகரிலும் புரசைவாக்கத்திலும் அரசினர் பாலிடெக்னிக் இருக்கின்றன. தரமணி வரை போகத் தயார் என்றால் நூறாண்டு கடந்த மத்திய தொழில்நுட்பக் கல்லூரியும், பெண்களுக்கென்று டாக்டர் தருமாம்பாள் கல்லூரியும் உண்டு. தினம் தரமணி போய்வருவது கடற்கரை நிலையத்தில் ரயில் மாறிப் போகிற பயணம். முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். மழைக்காலத்தில் வழியில் தண்ணீர் நின்றால் அந்த உற்சாகம் எத்தனை நாள் தாங்கும் என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது முதலாண்டுக் கணக்கு. பொறியியல் கணிதம் என்று தனிப்பாடம். அங்கே அரியர் விழுந்தால் அது மூன்றாண்டும் கூடவே நடக்கும். ஐடிஐயிலும் கணக்கு உண்டு. ஆனால் அது கையில் இருக்கும் வேலையோடு ஒட்டியது. இந்த விட்டமுள்ள தண்டை இந்த வேகத்தில் சுற்றினால் உளி எவ்வளவு நீளம் வெட்டும் என்பது போல. பையனிடம் அதைப் போட்டுக் காட்டியபோது, பள்ளிக் கணக்கில் 41 வாங்கியவன் எனக்கு முன் விடை சொன்னான். அவனுக்கு வராதது கணக்கு இல்லை. எதற்கென்று தெரியாத கணக்கு. ஆனால் ஐடிஐ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள் அந்த முதலாண்டுக் கணிதத்தைத் தாண்டிக் குதித்து வருவதால் பின்னால் தடுமாறுவார்கள். சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில் யாரிடமாவது உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

நேரடியாக ஆலைக்குள்

1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, ஐடிஐ முடித்தவர்களோடு பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்கிறது. வடசென்னை வீடுகளில் இதற்கு ஒரு கோயில் பிரசாதத்துக்குரிய மரியாதை உண்டு. பயிற்சி தரமானதுதான். ஆனால் பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை என்பது தாத்தா காலத்துக் கதை. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அடிமட்டமான முதல் நிலை (லெவல் 1) பணியிடங்களின் நேரடி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் தேர்வு எழுதி வர வேண்டும்.

மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு வந்தால் வயது தடுக்கும். 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டப்படி 14 வயது நிறைந்தவரைப் பயிற்சிக்கு எடுக்கலாம். ஆனால் அபாயகரமான தொழில் என்று வகைப்படுத்திய இடங்களில் 18 நிறைந்திருக்க வேண்டும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு அந்த வகை. பத்தாவது முடித்த பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு. இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்து வந்தால் பதினெட்டை எட்டியிருக்கும், அல்லது நெருங்கியிருக்கும். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய பொருந்துகிறது. பணத்திலும் வித்தியாசம் உண்டு. 2019-இல் திருத்திய விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000, பட்டயத்துக்கு 8,000, பட்டத்துக்கு 9,000. ஆக, அப்ரண்டிஸ் என்பதை ஐடிஐக்கு மாற்றாக நினைக்காமல், ஐடிஐக்கு அடுத்த படியாக வைப்பதே நல்லது.

ஐந்தாவதாக ஒரு வாசலும் எங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய அரசின் மீன்பிடிக் கலப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் சென்னைக் கிளை இராயபுரத்தில் இருக்கிறது. பத்தாவது முடித்தவருக்கு மீன்பிடிக் கலம் செலுத்துவதிலும், கடல் எந்திரப் பராமரிப்பிலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. படகு எஞ்சினைக் கழற்றி மாட்டிப் பழகிய அந்தப் பையனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நான் வாய் திறந்ததும் அவன் அப்பா எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கலைக்கல்லூரிகள் சிலவற்றில் பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம் 2014-இலிருந்து வந்திருக்கிறது. ஓராண்டில் பட்டயம், இரண்டில் உயர்பட்டயம், மூன்றில் பட்டம் என்று எந்தப் படியிலும் இறங்கலாம். அமைப்பாகப் பார்த்தால் நான் கேட்கும் இணைப்பு இதில் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் அது பிளஸ் டூவுக்குப் பிறகான பேச்சு.

முடிவில் யார் எங்கே

அக்கா மகளுக்குப் பாலிடெக்னிக் என்று சொன்னேன். கணக்கு வருகிறது, மின்னியல் பிடிக்கிறது, ஆறு ஆண்டில் பி.இ. வரை போக வழி இருக்கிறது, மூன்றில் நின்றாலும் பட்டயம் இருக்கிறது. அவள் அப்பா பி.காமை விட மனமில்லாமல், "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கரண்ட்?" என்றார். அவள், "அப்பா, நம் வீட்டு மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் போனால் இப்போது யார் போடுகிறார்கள்?" என்று கேட்டாள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி கொண்டுவரப் போனார். விண்ணப்பத்தில் மின்னியல் இருக்கும் அரசுக் கல்லூரிகளை வீட்டுக்கு அருகிலிருந்து தூரத்துக்கு வரிசையாக எழுதினோம்.

பையனுக்கு ஃபிட்டர், இரண்டு ஆண்டு, அரசு ஐடிஐ. அதன்பின் ஓராண்டு அப்ரண்டிஸ். பிறகு பாலிடெக்னிக்கா வேலையா என்பதை அவனே பதினெட்டு வயதில் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம். இடையில் தமிழ், ஆங்கிலத் தேர்வை எழுதிவிட வேண்டும் என்பதை மட்டும் அவன் அம்மாவிடம் மூன்று முறை சொல்லிவைத்தேன்; அவனிடம் சொன்னால் மறந்துவிடுவான்.

போன வாரம் அவன் தன் முதல் வேலைத்துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. மூலைமட்டத்தை எடுத்து வந்து பட்டையின் நான்கு பக்கமும் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூன்று பக்கம் சுத்தம். நான்காவதில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவணும்" என்றேன். "தெரியும் மாமா, சாரும் அதைத்தான் சொன்னார்" என்று வாங்கிச் சுற்றிக்கொண்டு போனான்.